புதுப்பிப்பு: அப்பா வீட்டை என் பெயருக்கு எழுதியாயிற்று

அப்பா தன் வீட்டை என் பெயருக்கு மாற்றினால் வரி வருமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதிவு முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தான செட்டில்மென்ட்தான் எழுதினோம், அதாவது பணம் வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம். குடும்பத்துக்குள் என்பதால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலைக்கு முன் இந்த உச்சவரம்பு 25,000, 4,000 என்றுதான் இருந்தது. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பதால் இருவருக்குமே வருமான வரி இல்லை.

நான் யோசிக்காமல் விட்டது, நாளைக்கு விற்றால் வரும் வரி. அப்பா வாங்கிய விலைதான் என் விலையாகவும் கணக்கில் வரும். அரசு நிர்ணயிக்கும் இன்றைய வழிகாட்டி மதிப்பு அல்ல. அவர் வாங்கியது 2001-க்கு முன், 1988-இல் என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதனால் பழைய கிரயப் பத்திரத்தைத் தேடி எடுத்து வையுங்கள். எங்களுடையது பீரோவின் அடித்தட்டில், ஓரம் கரையான் அரித்துக் கிடந்தது.

அப்புறம், அப்பா அம்மா இருவரும் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொன்னேன். "எதுக்குப்பா இதெல்லாம்?" என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லாமல் அந்தப் பத்தியை இரண்டு முறை வாசித்தார்.