ப்ரையர் ஆட்டங்களை எட்டுச் சுற்றாகக் குறைக்கலாமா?

ரெஜைனாக்காரன்:
பனித்தளத்தில் கல்லை வழுக்கவிட்டு வளையத்துக்குள் நிறுத்தும் ஆட்டமான கர்லிங்கின் கிராண்ட் ஸ்லாம் தொடரில் ஓர் ஆட்டத்துக்கு எட்டுச் சுற்று. கனடாவின் ஆண்கள் தேசியப் போட்டியான ப்ரையரில் பத்து. கனடாவின் முன்னணி அணிகள் இரண்டிலும் ஆடுகின்றன. இந்த இரட்டைக் கணக்கு எதற்கு? ப்ரையரையும் எட்டாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புதியவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு சுற்றில் அணிக்கு எட்டுக் கல், ஆளுக்கு இரண்டு. பதினாறு கல்லும் போன பிறகு வளையத்தின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் கல் வைத்திருக்கும் அணி மட்டுமே புள்ளி பெறும். புள்ளி பெற்ற அணி அடுத்த சுற்றின் கடைசிக் கல்லை எதிரணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தக் கடைசிக் கல்லைத்தான் ஹாமர் என்கிறோம். ஒரே ஒரு புள்ளிக்காக ஹாமரை இழப்பானேன் என்று, அதை வைத்திருக்கும் அணி எல்லாக் கல்லையும் அடித்து வெளியேற்றிவிட்டுச் சுற்றை வெறுமையாக முடித்துக்கொள்ளும். 1989-இல் சாஸ்கட்டூனில் ப்ரையர் இறுதியாட்டம் 3-2 என்று முடிந்தபோது மக்கள் சலித்துக் கூச்சலிட்டார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கூடுதல் சுற்றோடு பதினொரு சுற்று ஆடினார்கள். ஸ்வீடன் 5, பிரிட்டன் 4. சுற்றுக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. சுற்று குறைந்தால் இப்படிக் காத்திருந்து ஆட யாருக்கும் மனம் வராது.

நான்காம்கல்:
அண்ணா, நீங்கள் சொன்ன நோய் உண்மை. மருந்துதான் தவறு. சாஸ்கட்டூன் சலிப்பு தீர்ந்தது சுற்றைக் குறைத்ததால் அல்ல. 1990-இல் கனடாவின் மாங்டன் நகரில் நடந்த போட்டியில் கனடா ஆட்டக்காரர் ரஸ் ஹோவர்டின் யோசனையைச் சோதித்தார்கள். சுற்றின் முதல் நான்கு கற்களை, அவை எங்கே நின்றாலும், அடித்து வெளியேற்றக் கூடாது என்பதே அது. பிறகு, முதல் நான்கு கற்கள் விடப்படும் வரை எதிரணியின் காவல் கல்லை, அதாவது வளையத்துக்கு முன்னால் மறைப்பாக நிற்கும் கல்லை, வெளியேற்றக் கூடாது என்று சற்று மாறி உலக அளவில் அது விதியாயிற்று, 2018-19 பருவத்தில் நான்கு ஐந்தாகியது. வெளியேற்றாமல் ஓரமாக நகர்த்திவிடும் தந்திரத்துக்கும், நடுக்கோட்டைத் தொடும் காவல் கல்லைப் பொறுத்தவரை, தடை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கல்லை எப்படி ஆடலாம் என்பதைத்தான் மாற்றினார்கள். ஆட்டத்தின் நீளத்தில் யாரும் கை வைக்கவில்லை.

பெய்ஜிங் இறுதியாட்டத்தைச் சலிப்பு என்று சொன்னது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஸ்வீடன் தலைவர் நிக்லாஸ் எடினும் பிரிட்டன் தலைவர் புரூஸ் மோவட்டும் ஒருவரையொருவர் அசைய விடாமல் பிடித்து வைத்திருந்த ஆட்டம் அது. எத்தனை புள்ளி வந்தது என்று எண்ணிப் பார்த்து மதிப்பிடும் ஆட்டமா அது?

ரெஜைனாக்காரன்:
நீளத்தில் கை வைக்கவில்லையா? ப்ரையர் 1927-இல் தொடங்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பன்னிரண்டு சுற்று ஆடினார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில்தான் பத்தானது. நீங்கள் காக்க நினைக்கும் பத்தும் ஒரு காலத்தில் குறைக்கப்பட்ட எண்தான், தம்பி.

பத்து என்று விதியில் இருந்தாலும், நான்கு ஐந்து புள்ளி பின்தங்கிய அணி எட்டாம் சுற்றிலேயே கைகுலுக்கி விடைபெறுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்.

பனித்தளம்:
இருவரும் மறந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மன்றத்தில் பனித்தளம் அமைப்பவருக்கு ஆறு குளிர்காலம் உதவியாளனாக இருந்திருக்கிறேன்.

கர்லிங் பனி கண்ணாடிபோல வழவழப்பானது அல்ல. ஆட்டத்துக்கு முன் அதன்மேல் நீர்த்துளிகளைத் தூவி உறையவைக்கிறோம். தளம் முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும். ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள அந்தக் கருங்கல் தன் அடிப்பரப்பு முழுவதாலும் பனியைத் தொடுவதில்லை. அடியில் உள்ள ஒரு மெல்லிய வளையம் மட்டும் கொப்புளங்களின் தலையில் ஏறி ஓடுகிறது. ஒவ்வொரு கல்லும், ஓடும் கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் தேய்க்கும் ஒவ்வொரு துடைப்பும் அந்தத் தலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கின்றன. பத்துச் சுற்றில் 160 கல், எட்டில் 128.

கடைசி 32 கல்லும் ஓடும் தளம் வேறு தளம். வேகம் மாறிவிடும், வளைவு மாறிவிடும். நடுப்பாதை ஒரு விதமாகவும் யாரும் அதிகம் விடாத ஓரம் வேறு விதமாகவும் இருக்கும். முதல் சுற்றில் தெரிந்துகொண்ட பனியை ஒன்பதாம் சுற்றில் மறந்துவிட்டுப் புதிதாகப் படிக்கும் தலைவனே பெரிய ஆட்டக்காரன். எட்டோடு நிறுத்தினால் அந்தத் திறமைக்கு வேலை பாதியாகிவிடும்.

நான்காம்கல்:
ஐயா சொன்னதற்கு ஒரு சான்று. 2021 ஏப்ரலில் கால்கரியில் ஒரே அரங்கில், பார்வையாளரே இல்லாமல், முதலில் உலகச் சாம்பியன்ஷிப்பும் அடுத்து இரண்டு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளும் நடந்தன. பத்துச் சுற்று இறுதியாட்டத்தில் எடின் மோவட்டை 10-5 என்று வென்றார். எட்டுச் சுற்றுப் போட்டிகள் இரண்டையும் மோவட் வென்றார். நீளம் மாறினால் வெல்லும் ஆளும் மாறுகிறார்.

ரெஜைனாக்காரன்:
மூன்று போட்டியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவா? அந்தச் சில வாரங்களில் மோவட்டின் அணி மெருகேறிக்கொண்டே போனது என்றும் சொல்லலாம். இதைச் சான்றாக நான் ஏற்கவில்லை. பனித்தளம் ஐயாவின் வாதம்தான் கனமானது, அதற்கு இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

துடைப்பக்காரி:
எல்லோரும் தலைவனின் மூளையைப் பற்றியே பேசுகிறீர்கள். துடைப்பவரின் தோளைப் பற்றி நான் பேசுகிறேன்.

முதல் ஆட்டக்காரர் தன் இரண்டு கல்லை விட்டபின் மீதி ஆறு கல்லுக்கும் பனியைத் துடைக்க வேண்டும். பத்துச் சுற்றுக்கு 60 கல், எட்டுக்கு 48. ப்ரையரில் பதினெட்டு அணிகளை இரண்டு பிரிவாக்கினால், தொடக்கக் கட்டத்தில் மட்டும் ஓர் அணிக்கு எட்டு ஆட்டம். ஆட்டங்கள் முழுநீளம் போனால் 480 கல்லா, 384 கல்லா என்பதே கேள்வி. அதுவும் சில நாள்களில் இரண்டு ஆட்டம். உடல் எடை முழுவதையும் துடைப்பத்தின் மேல் சாய்த்து அழுத்தி ஓடுவது இது. நான் மன்றக் குழுவில் வாரம் ஓர் ஆட்டம் ஆடுகிறவள். எனக்கே இரண்டு பருவம் தோள்பட்டை வலி இருந்தது. இறுதியாட்டத்துக்கு வரும்போது அந்த ஆண்கள் களைத்துப்போய்த் துடைப்பதைப் பார்க்கிறோம், அதற்கு விறுவிறுப்பு என்று பெயர் வைக்கிறோம்.

நான்காம்கல்:
அக்கா, களைப்பைத் தாங்குவதும் விளையாட்டின் பகுதிதானே? 2018 ஒலிம்பிக் இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஏழு சுற்று முடிவில் அமெரிக்கா 5, ஸ்வீடன் 5. எட்டாம் சுற்றில் அமெரிக்கத் தலைவர் ஜான் ஷஸ்டர் கடைசிக் கல்லால் இரண்டு கற்களை வெளியேற்றி ஐந்து புள்ளி எடுத்தார். எட்டுச் சுற்று ஆட்டமாக இருந்திருந்தால் அந்த ஐந்து பிறந்தே இருக்காது. சமநிலையில் ஹாமர் கையில் இருந்தால் ஒரு புள்ளி போதும், ஆட்டம் முடிந்தது. இன்னும் இரண்டு சுற்று இருந்ததால்தான் இரண்டு அணிகளும் பெரிய எண்ணிக்கைக்குத் துணிந்தன.

துடைப்பக்காரி:
இதை நான் யோசித்ததில்லை. சரியான வாதம். ஆனால் அது இறுதியாட்டத்துக்கான வாதம், செவ்வாய்க்கிழமை காலை ஆட்டத்துக்கானது அல்ல. பிரிவு ஆட்டங்களை எட்டாக வைத்துக்கொண்டு, பிளேஆஃப் முதல் பத்து ஆடினால் என்ன?

நான்காம்கல்:
வாரம் முழுவதும் ஆடாத ஒன்பதாம் சுற்றை அரையிறுதியில் முதன்முறையாகச் சந்திக்கச் சொல்கிறீர்கள். அந்தத் தேய்ந்த பனியை எங்கே படிப்பார்கள்?

பனித்தளம்:
படிக்க வழி இருக்கிறது, தம்பி. பிரிவு ஆட்டங்களுக்குக் கொப்புளத்தைச் சற்று மென்மையாகத் தூவினால் தளம் விரைவில் தேயும். ஆறாம் சுற்றிலேயே பழைய ஒன்பதாம் சுற்றுப் பனி கிடைத்துவிடும். ஆனால் மாலை ஆட்டத்துக்குள் எல்லாத் தளத்தையும் சுரண்டி மீண்டும் தூவ வேண்டியவன் நான். எட்டுச் சுற்று என்றால் எனக்கு அரைமணி நேரமாவது கூடுதலாகக் கிடைக்கும். பத்து வேண்டும் என்றுதான் இங்கே எழுத வந்தேன். துடைப்பக்காரி அம்மாவின் 480-ஐப் பார்த்த பிறகு, பிரிவு ஆட்டங்கள் வரை எட்டுக்கு என் வாக்கு.

நான்காம்கல்:
எனக்குப் பத்துதான். திங்கட்கிழமை காலையிலும் பத்துதான்.