350 இசட்: பில்டர் மாத்தின பிறகு ஐடில் ஆடுது, 1500 டொலருக்குள்ள என்ன செய்யலாம்?

ஸ்காபரோ_இசட்:
வணக்கம். போன வருசம் 2004 நிசான் 350 இசட் ஒண்டு எடுத்தனான், மனுவல், 3.5 லீட்டர் வி6, பேப்பரில 287 குதிரை, இப்ப அதில எவ்வளவு மிச்சமோ தெரியேல்லை. கையில 1500 டொலர்தான் கிடக்கு, அதுக்கு மேல போனா வீட்டில சோறு கிடையாது. முதல் வேலையா எண்ணெய் பூசின கோன் ஏர் பில்டர் ஒண்டு பூட்டினனான், சத்தம் நல்லாத்தான் இருக்கு ஆனா ரெண்டு கிழமையால சிக்னலில நிக்கேக்க ஆர்பிஎம் மேலயும் கீழயும் ஆடுது, செக் எஞ்சின் லைட்டும் வந்திட்டுது. ஸ்கேனரில வந்த பிழைக் கோட் பி0171, பி0174. ஒரு கராஜில ரெண்டு ஓ2 சென்சரும் (எக்ஸ்ஹோஸ்ட் புகையில ஒக்சிசன் அளக்கிறது) மாத்தோணும், 700 டொலர் எண்டினம். மாத்திறதோ? மிச்சக் காசுக்கு எக்ஸ்ஹோஸ்ட் போடலாமோ?

கோவை_கியர்பாக்ஸ்:
ப்ரோ சென்சார் மாத்தாதீங்க. அந்த ரெண்டு கோடும் ரெண்டு பேங்க்கும் (வி6ல ரெண்டு பக்க சிலிண்டர் வரிசை) லீன், அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மின்னு சொல்லுது, ரெண்டு சென்சாரும் ஒரே நாள்ல சாகறதுக்கு சான்ஸ் ரொம்பக் கம்மி, ரெண்டுக்கும் பொதுவா முன்னாடி இருக்கறதுதான் சந்தேகம், அதாவது மாஃப், உள்ள போற காத்தை அளக்கற சென்சார். பில்டர் எண்ணெய் காத்தோட போய் அந்த சூடான கம்பி மேல படிஞ்சுரும், கம்பி காத்தைக் கம்மியா அளக்கும், ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோலையும் கம்மியா விடும். மாஃப் க்ளீனர் ஸ்ப்ரே வாங்கி அடிங்க (பிரேக் க்ளீனர் இல்ல!), கம்பியத் தொடாதீங்க, நல்லா காய விட்டு மாட்டுங்க. மாஃப்ல இருந்து த்ராட்டில் (எஞ்சினுக்குக் காத்து விடற வால்வு) வரைக்கும் ஹோஸ், கிளாம்ப் எல்லாம் பாருங்க, அங்க காத்து உள்ள இழுத்தாலும் இதே கோட்தான்.

நைட்_டிரைவ்:
கேட்டலிடிக் கன்வேர்ட்டரை (புகையைச் சுத்தமாக்கிற கேட்) கழட்டி வெறும் பைப் போடு மச்சான், ஒண்டாரியோவில எமிஷன் டெஸ்ட்தான் இல்லையே

பழைய_சாவி:
மேல எழுதின தம்பி, கார்களுக்கு டிரைவ் கிளீன் எண்ட எமிஷன் டெஸ்ட் 2019ல நிண்டதுதான், ஆனா கேட்டைக் கழட்டிறது இப்பவும் சட்டத்துக்கு மாறுதான், நாத்தமும் தாங்கேலாது.
இசட் தம்பிக்கு: எக்ஸ்ஹோஸ்ட் சத்தத்துக்குத்தான் காசு. இந்த எஞ்சினில பிளீனத்தின்ர (சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு விடுற பெட்டி) முன்பக்கம் பதிஞ்சு இருக்கிறபடியா முன் சிலிண்டர்களுக்குக் காத்துக் குறைவு, அதுக்கு அதை உயர்த்த எட்டு மில்லிமீட்டர் அளவில ஒரு ஸ்பேசர் வருது, 2007 மொடலில இருந்து வந்த எச்ஆர் எஞ்சினுக்கு உது தேவையில்லை. பத்துக் குதிரை கூடினா சந்தோசப்படுங்கோ. அதுக்கு முதல் முன் ரயரின்ர உள்பக்கத்தைக் கையால தடவிப் பாருங்கோ, வாள் பல்லு மாதிரிக் கிடந்தா அலைன்மென்ட் (சில்லுகளின்ர கோணம்) பிழை, ஆரம்பகால இசட்டுகளின்ர பழைய வருத்தம் அது. நல்ல கோடை ரயர் நாலு, பிறேக் பாட், புது டொட் 4 பிறேக் ஒயில். 1500 அதிலயே முடியும், ஆனா வளைவில கார் வேற காரா இருக்கும். குளிர் ஏழு பாகைக்குக் கீழ போனா அந்த ரயரோட வெளிக்கிட வேண்டாம். வேகம் பாக்கிறதெண்டா மோஸ்போட் ரேஸ் ட்ராக்குக்குப் போங்கோ, ரோட்டில பிடிபட்டா அந்த இடத்திலயே லைசென்ஸ் 30 நாள், கார் 14 நாள் போயிடும்.

ஸ்காபரோ_இசட்:
மாஃப் கழுவி பழைய ஏர்பொக்ஸையும் திருப்பிப் பூட்டினனான், கோட் ரெண்டும் போயிட்டுது!! ஆனா அந்த உசாரில த்ராட்டில் பொடியையும் விரலால தள்ளித் தள்ளித் துடைச்சுப் போட்டன், இப்ப ஐடில் 1400ல நிக்குது 😩

கோவை_கியர்பாக்ஸ்:
ஐயோ 😂 அது எலக்ட்ரானிக் த்ராட்டில், கையால தள்ளக்கூடாது. ஒண்ணும் போகல, எஞ்சின் நல்லா சூடானதும் நிசானுக்கு சப்போர்ட் பண்ற ஸ்கேனர்ல ஐடில் ஏர் வால்யூம் ரீலேர்ன் (ஐடில்ல எவ்வளவு காத்து வேணும்னு ஈசியுவுக்குத் திரும்பக் கத்துக் குடுக்கறது) பண்ணுங்க. ஏசி, லைட் எல்லாம் ஆஃப்.

ஸ்காபரோ_இசட்:
கூட்டாளியின்ர ஸ்கேனரால செய்தாச்சு, 700க்குக் கிட்ட அசையாமல் நிக்குது. 700 டொலர் தப்பினது, ஸ்ப்ரே மட்டும்தான் செலவு. பழைய_சாவி அண்ணை, முன் ரயரைத் தடவிப் பாத்தனான், நீங்கள் சொன்ன அதே வாள் பல்லுத்தான். சனிக்கிழமை அலைன்மென்ட்டுக்கு விடுறன், ஸ்பேசர் அடுத்த சம்பளத்தில.

பழைய_சாவி:
ரயரை மாத்திப்போட்டு அலைன்மென்ட் செய்யுங்கோ தம்பி, மறுவளமாச் செய்து காசை வீணாக்க வேண்டாம்.