ஸ்டாண்டர்ட் ஆயில்ல விஸ்காமீட்டர் குறைச்சலா காட்டுது. ஸ்பிண்டில் அழுக்கா, உள்ள தண்டைத் தாங்குற பிவட்டா?

ரெசின் லேப், கடலூர் சிப்காட்:
வணக்கம். எங்ககிட்ட இருக்கிறது முள் வெச்ச டயல் மாடல் ஆர்.வி. விஸ்காமீட்டர், அதாவது திரவம் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு (பாகுத்தன்மை) அளக்கிற கருவி. தினமும் பெயிண்டுக்குப் போற ஆல்கிட் ரெசின்தான் ஓடும். கருவியைச் சரிபார்க்கிற 1000 சென்டிபாய்ஸ் (பாகுத்தன்மை அலகு) சிலிக்கான் ஆயில், 2-ஆம் நம்பர் ஸ்பிண்டில் (ஆயிலுக்குள்ள சுத்துற தண்டு), 20 ஆர்.பி.எம்.ல போட்டா முள் 50-க்கு வரணும். 47-லயே நிக்குது, அதாவது 940. சைலீன்ல நல்லா கழுவியும் மாறல. ஸ்பிண்டிலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பெயிண்ட் க்யூ.சி.:
முதல்ல டெம்பரேச்சரைப் பாருங்க. ஆயில் 25 டிகிரியில பாத்ல நல்லா ஊறியிருக்கணும். ஸ்பிண்டிலைச் சுத்தி மாட்டுற கால் மாதிரியான கார்டு (guard leg) இருந்துச்சா? 2-ஆம் நம்பர் ஸ்பிண்டிலோட கணக்கே கார்டையும் 600 மி.லி. பீக்கரையும் வெச்சுப் போட்டதுதான்.

மேட்டுப்பாளையம் அக்கா, புதுச்சேரி:
தம்பி, உப்புத்தாளைத் தொடவே தொடாதீங்க! கீறல் விழுந்தா, உலோகம் தேஞ்சா அந்த ஸ்பிண்டில் அளவுக்கு உதவாது. கம்பி நாரும் வேண்டாம். ரெசின் காயறதுக்கு முன்னாடி கழற்றி சைலீன்ல போட்டு, மெத்துன்னு ஒரு துணியில துடைச்சாலே போதும். மெஷின்ல மாட்டினபடியே துடைக்கிற பழக்கம் நம்ம லேப்கள்ல ரொம்ப இருக்கு. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். துணியோட ஒவ்வொரு இழுப்பும் உள்ள ஊசி முனையில இருக்கிற பிவட்டையும் அதைத் தாங்குற ஜூவல்ங்கிற கல்லையும் அடிக்குது. கழற்றும்போது மேல் தண்டை ஒரு கையால லேசா தூக்கிப் பிடிச்சுக்கணும். மரை இடதுபக்க மரை, நினைவிருக்கட்டும்.

உங்க கணக்குக்கு வருவோம். இந்த ஸ்பிண்டில், இந்த வேகத்துக்கு டயல் காட்டக்கூடிய முழு அளவு 2000 சென்டிபாய்ஸ். அனுமதிக்கிற பிழை: அதுல 1 சதவீதம் 20, ஆயிலோட 1 சதவீதம் 10, மொத்தம் 30. ஆக 970-லேருந்து 1030 வரை சரி. 940 அதுக்கு வெளியே. பிவட்ல உராய்வு இருந்தாலும் முள் இப்படித்தான் கீழே நிக்கும்.

ஸ்பிண்டில் இல்லாம, குமிழி நடுவுல நிக்கிற மாதிரி லெவல் பண்ணி, மோட்டாரை அணைச்சிடுங்க. தண்டை லேசா திருப்பி முள்ளை 5, 10-க்குக் கொண்டுபோய் விடுங்க. தாராளமா ஆடி ஆடி 0-க்கு வந்து நிக்கணும். இடையில தயங்கினா பிவட் போச்சு. எண்ணெய் ஒரு சொட்டுகூட விடாதீங்க, சர்வீஸுக்கு அனுப்புங்க.

இன்னொண்ணு. சிலிக்கான் ஆயில் துடைச்ச துணியைத் தனியா வையுங்க. அது பெயிண்ட்ல கலந்தா பூச்சு முழுக்கக் குழி குழியா விழும்.

ரெசின் லேப், கடலூர் சிப்காட்:
அக்கா, கார்டு மாட்டித்தான் இருந்துச்சு, பாத்தும் 25-தான். நீங்க சொன்ன மாதிரி ஆட்டிப் பார்த்தேன். முள் 0-க்கு வரவே இல்ல, 2 கிட்ட ஒட்டி நிக்குது. சர்வீஸுக்குப் போடச் சொல்லிட்டேன். ரெசின் மேல ஏறி பிவட்டுக்குள்ள போயிருக்குமா?

மேட்டுப்பாளையம் அக்கா, புதுச்சேரி:
போயிருக்கலாம். ஸ்பிண்டில் தண்டுல ஒரு பள்ளக் கோடு இருக்கும் பாருங்க, அதுவரைக்கும்தான் முக்கணும். திரும்பி வந்ததும் ஷிப்ட் ஆளுங்க எல்லாருக்கும் அந்தக் கோட்டைக் காட்டுங்க.