அண்ணாவா, வகுப்புத் தோழனா? விடுதி நாட்களின் வயதுக் கணக்கு

மல்லாவியிலிருந்து, 2003 இல் சேர்ந்தவர்

போரால் மூடிக்கிடந்த ஏ-9 வீதி மீண்டும் திறக்கப்பட்டு ஓராண்டு கூட நிறையாத 2003 ஜனவரியில், முகமாலைச் சோதனைச் சாவடியைக் கடந்து வந்து, யாழ்ப்பாண நகரத்துப் பாடசாலை ஒன்றின் விடுதியில் தரம் 6 மாணவனாகச் சேர்ந்தேன். எனக்குப் பத்து வயது நிறைந்ததே அந்த மாதத்தில்தான். ஜனவரி 31 ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்ப்பது நம் நாட்டு முறை என்பதால், ஜனவரிக் கடைசியில் பிறந்தவன் வகுப்பின் கடைக்குட்டியாகவும், பெப்ரவரியில் பிறந்தவன் ஏறத்தாழ ஒரு வயது மூத்தவனாகவும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பார்கள். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வந்த காலத்தில் இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை. விடுதிக் கிணற்றில் வாளியை இழுத்தபோதுதான் தெரிந்தது.

ஆனால் நான் சொல்லவந்தது பதினொரு மாத வித்தியாசத்தைப் பற்றியன்று. என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவரும் தரம் 6 தான்; அவருக்கோ வயது பதின்மூன்று. 1996 இல் கிளிநொச்சியிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று மாறி மாறி இருந்ததில் மூன்று ஆண்டுப் படிப்பு அவருக்கு இல்லாமற்போயிருந்தது. தாய்மாமன் ஒருவர் றங்குப்பெட்டியோடு கொண்டுவந்து விட்டுச் சென்றார். நாங்கள் எல்லோரும் காற்சட்டையோடு உறங்கிய மண்டபத்தில் அவர் ஒருவரே சாரம் கட்டியிருந்தார். குரலும் உடைந்திருந்தது.

அவரை எப்படி அழைப்பது என்பதே எனக்கு முதல் வாரத்தின் பெரிய சிக்கலாக இருந்தது. ஒரே வகுப்பு என்பதால் 'நீ' என்றும் 'டா' என்றும் பேசலாம். அதுதான் வகுப்பறை நியாயம். மூன்று வயது மூத்தவரை அப்படிக் கூப்பிட்டால் என் அம்மா உதட்டில் அடித்திருப்பார். 'அண்ணா' என்று சொன்னாலோ, அவர் மூன்று ஆண்டுகள் பிந்தியவர் என்பதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்வது போல் ஆகிவிடும். சில நாட்கள் அவரை எப்படியும் அழைக்காமலே, தோளைத் தொட்டுப் பேசிச் சமாளித்தேன்.

விடுதியின் கணக்கு வேறு. அங்கே ஒருவனுடைய வயது அவன் பிறந்த நாளிலிருந்து எண்ணப்படவில்லை. வந்து சேர்ந்த நாளிலிருந்தே எண்ணப்பட்டது. பன்னிரண்டு வயதுகூட நிறையாத தரம் 7 மாணவன் ஒருவன், சாரம் கட்டிய அவரைப் பார்த்து, "தம்பி, எனக்கு இரண்டு வாளி தண்ணி அள்ளி ஊத்து" என்று கட்டளையிட்டதை நான் கேட்டிருக்கிறேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. அள்ளி ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பொறுமையை அப்போது பயம் என்று நினைத்தேன்.

இந்தக் கணக்குக் கலைந்தது இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பெயர் எடுத்த நாளில்தான். போட்டிக்கு வகுப்புச் செல்லாது, பிறந்த திகதியே செல்லும். எங்கள் பெயர்களை 13 வயதிற்கு உட்பட்டோர் பிரிவில் வாசித்த இல்லத் தலைவர், அவருடைய பெயரை மட்டும் 15 வயதிற்கு உட்பட்டோர் பிரிவில் வாசித்தார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பின்பு, தங்களைவிட மூத்தவன் ஒருவனைத் தம்பி என்று அழைத்துவந்தோம் என்று தரம் 7 மாணவர்களுக்கு உறைத்தபோது அது அடங்கியது. அதன்பின் அந்தத் தண்ணீர்க்காரன் அவரைத் 'தம்பி' என்று கூப்பிடவில்லை. 'அண்ணை' என்றும் கூப்பிடவில்லை. "இஞ்சை" என்று மட்டுமே அழைத்தான்.

எனக்கு வழி காட்டியது யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தான். 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவே நமக்கு 'நீர்' இருக்கிறது. ஒரு நாள் இரவுப் படிப்பு நேரத்தில், "உம்மட்டை அடிமட்டம் இருக்கோ?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இருக்கு, இந்தாரும்" என்று நீட்டினார். பத்து வயதுப் பையனுக்கு யாரும் அதுவரை அந்த மரியாதையைத் தந்ததில்லை.

நெடுந்தீவிலிருந்து, 1999 இல் சேர்ந்தவர்

மேலே எழுதியவருக்கு நேர்மாறான இடத்தில் நான் நின்றேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பதற்காக, குறிகட்டுவானில் படகிறங்கிப் பெண்கள் விடுதி ஒன்றுக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது முடிந்திருந்தது. எந்த வாளி யாருடையது, எந்த மணிக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் நிற்க வேண்டும், பாண் நாளில் சம்பலுக்கு எங்கே முந்த வேண்டும் என்பவற்றை எனக்குக் கற்பித்தவள் தரம் 7 இல் படித்த சிறுமி ஒருத்தி. 'அக்கா' என்று அழைத்தபடியே அதிகாரம் செய்தாள்; அந்தச் சொல்லும் அந்தத் தொனியும் ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை.

அங்கே மூத்த பிள்ளை ஒவ்வொருத்தியிடமும் ஒரு சின்னப் பிள்ளையை ஒப்படைப்பது வழக்கம். எனக்குக் கிடைத்தவளும் அவளே. காலையில் அவளுக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிடுவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் பேன் பார்ப்பதும் என் பொறுப்பு. பகல் முழுவதும் எனக்குச் சட்டம் சொன்னவள், சீப்பை எடுத்தவுடன் முழங்காலுக்கிடையில் வந்து குந்திக்கொள்வாள். இறுக்கிப் பின்னினால் அழுவாள். தளர்த்திப் பின்னினால், தன் அம்மா இப்படிப் பின்னுவதில்லை என்று அழுவாள். வீட்டில் நான் கடைசிப் பிள்ளை. தங்கை என்பவள் எப்படிப்பட்டவள் என்று விடுதியில்தான் அறிந்தேன். அவ்வளவு இனிமையான அறிவு என்று சொல்லமாட்டேன்.

விடுதிப் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர்

வட்டுக்கோட்டையில் 1823 இலும் உடுவிலில் 1824 இலும் அமெரிக்க மிஷனரிமார் தங்கிப் படிக்கும் பாடசாலைகளைத் தொடங்கியதிலிருந்து எண்ணினால், இந்த மண்ணில் விடுதி வாழ்க்கைக்கு இருநூறு வயது. ஆயினும் பிள்ளைகளை எந்த ஒழுங்கில் படுக்கவைப்பது என்று எங்களுக்கு யாரும் எழுதித் தந்ததில்லை. நான் வகுப்பு ஒழுங்கிலேயே கட்டில் போட்டேன். வலிகாம இடப்பெயர்வு முடிந்து 1996 இல் மக்கள் திரும்பியபின் சேர்ந்தவர்களில், பதினான்கு வயதுப் பையன் ஒருவனை அவன் படித்த தரத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளின் மண்டபத்தில் விட்டேன். மூன்றாவது வாரம் அவன் வீட்டுக்குப் போய்விட்டான்; திரும்பி வரவில்லை. படிப்பில் மட்டம் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன், அவன் கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தும். அதன் பிறகு, படிப்பதற்கு வகுப்பின்படியும் படுப்பதற்கு வயதின்படியும் என்று மாற்றிக்கொண்டேன். இரண்டு பட்டியல் வைத்திருப்பது தொல்லைதான்.

மல்லாவிக்காரர் மீண்டும்

ஐயா எழுதியதை வாசித்தபின், எங்கள் மண்டபத்திலும் யாராவது அப்படி மாற்றியிருந்தால் அவர் என் பக்கத்துக் கட்டிலில் இருந்திருக்கமாட்டார் என்று எண்ணிப் பார்த்தேன். அது அவருக்கு நன்றாக இருந்திருக்கும். எனக்கு எப்படி இருந்திருக்குமோ தெரியாது. காய்ச்சல் வந்த இரவுகளில் கொத்தமல்லி அவித்துத் தரச்சொல்லிச் சமையற்கட்டில் போய் நின்றவர் அவர். எனக்கு வீட்டிலிருந்து வந்த பயத்தம் பணியாரத்தைப் பெரிய வகுப்பார் கையில் சிக்காமல் தன் றங்குப்பெட்டியில் பூட்டி வைத்து, நாளுக்கு இரண்டாக எண்ணித் தந்தவரும் அவரே.

அவர் இப்போது கிளிநொச்சியில் இருக்கிறார். தொலைபேசியில் இன்றைக்கும் 'நீர்', 'உமக்கு' என்றுதான் பேசிக்கொள்கிறோம். சென்ற ஆண்டு அவர் வீட்டுக்குப் போனபோது, அவருடைய ஐந்து வயது மகன் என்னைச் சுட்டி, இவரை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டான். நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே அவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "சித்தப்பா எண்டு கூப்பிடு."