திட்டினால் நொய் குறையுமா? எக்செல்லில் தரக் கணக்கு போட்டுப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

மன்னார்குடி ரைஸ்மில்காரன்:

புழுங்கல் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எக்செல் என்றால் எனக்குக் கூலிப் பட்டியலும் லாரி வாடகையும்தான். ஒவ்வொரு லாட் அரைத்ததும் 100 கிராம் அரிசி எடுத்து, நொய்யைப் பொறுக்கி எடை போட்டு நோட்டில் குறித்து வைப்போம். நொய் கூடினால் முதலாளி, நெல் காயவைக்கும் டிரையரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்துவார். அடுத்த லாட்டில் குறைந்துவிடும். "பாத்தியா, நாலு வார்த்தை கேட்டாத்தான் வேலை ஓடுது" என்பார். நானும் அதை நம்பினேன்.

ஐப்பசி அடைமழையில் மில் இரண்டு நாள் நின்றது. பொழுது போகாமல், கடைசி 30 லாட்டை எக்செல்லில் ஏற்றினேன். யூடியூபில் பார்த்த கன்ட்ரோல் சார்ட் போடலாமென்று ஆசை. 1924-ல், டெலிபோன் சாமான் செய்கிற அமெரிக்கக் கம்பெனியில் இருந்த வால்டர் ஷூஹார்ட் என்பவர் கொண்டுவந்த வரைபடம் அது. பெயர்தான் பெரிசு, கணக்கு சின்னது. ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்துக் கட்டத்தில் எடுக்க வேண்டும் (மைனஸ் வராமலிருக்க ஏபிஎஸ் ஃபார்முலா). அந்த வித்தியாசங்களின் சராசரியை 2.66-ஆல் பெருக்கி, நொய்யின் சராசரியோடு கூட்டினால் மேல்கோடு, கழித்தால் கீழ்கோடு.

எங்களுக்குச் சராசரி நொய் 11 சதவீதம், வித்தியாசத்தின் சராசரி 1.5. பெருக்கினால் ஏறக்குறைய 4. ஆக 7-க்கும் 15-க்கும் நடுவில் எது வந்தாலும் அது இந்த மில்லின் வழக்கமான ஆட்டம். 30 புள்ளியும் உள்ளேதான் இருந்தன. முதலாளி கத்திய 13-ம், 14-ம் கூட!

அன்றைக்குத்தான் புரிந்தது. 14 வந்த மறுநாள், கத்தினாலும் கத்தாவிட்டாலும், பெரும்பாலும் 11 பக்கம்தான் திரும்பியிருக்கும். திட்டுக்குக் கிடைத்த பெயர் தற்செயலுக்குப் போயிருக்க வேண்டியது. அதைவிட மோசம், திட்டு வாங்கிய ஒவ்வொரு தடவையும் அண்ணன் டிரையர் சூட்டைத் திருகியிருக்கிறார். கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி. ஆட்டத்தை நாங்களே வளர்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசு அரவைக்கு அப்போது புழுங்கலில் 16 சதவீதம் நொய் வரை ஏற்றார்கள். அது வாங்குகிறவர் போட்ட கோடு. 15 என்பது எங்கள் மில் தானே போட்டுக்கொண்ட கோடு. இரண்டும் வேறு.

சரி, 11-ஐயே கீழே இறக்க என்ன வழி? அதற்குத் திட்டு உதவாது, வேலை நடக்கும் முறையே மாற வேண்டும். காய்ந்த நேரம், அரைத்த நேரம் என்று இரண்டு கட்டம் சேர்த்து பிவட் டேபிள் (வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணை) போட்டேன். முதலில் கேவலமாக வந்தது. 'டிரையர்', 'ட்ரையர்', பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்த 'டிரையர்' என ஒரே சாமான் மூன்று வரியாக நின்றது. தேதியைப் புள்ளி வைத்து அடித்ததால் பாதி தேதி எழுத்தாகக் கிடந்தது. கையால் அடிக்காமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி டேட்டா வேலிடேஷன் வைத்த பிறகுதான் விஷயம் தெளிந்தது. காய்ந்த சூட்டோடு அன்றைக்கே அரைத்த லாட்டில் நொய் கூடுதல், ஒரு ராத்திரி ஆறப்போட்ட லாட்டில் குறைவு.

ஏன் ஆறப்போடவில்லை? தொட்டி காலியில்லை. ஏன் காலியில்லை? ஒரு தொட்டியில் பழைய சாக்கு. ஏன்? இதற்கு மேல் கேட்டால் முதலாளியின் மச்சானில் போய் நிற்கும், விட்டுவிட்டேன். சாக்கை எடுத்தோம். சராசரி 9-க்கு வந்தது.

சார்ட்டை முதலில் காட்டியபோது அண்ணன் கேட்டது இது: "தம்பி, கம்ப்யூட்டர்ல வேற என்னைய மாட்டிவிடுறியா?"

கும்பகோணம் லேப்:

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் இதே கதைதான், வேறு பெயரில். தினமும் காலையில் அளவு தெரிந்த கன்ட்ரோல் திரவத்தை மெஷினில் ஓட்டிப் புள்ளி வைப்போம். லெவி-ஜென்னிங்ஸ் சார்ட் என்பார்கள். குறைந்தது 20 நாள் அளவு சேர்த்து, சராசரியும் எஸ்டியும் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கு) எடுத்துக் கோடு போட வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில், புள்ளி 2 எஸ்டிக்கு வெளியே போனால் உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவோம். 20-ல் ஒன்று சும்மாவே வெளியே விழும் என்பது அப்போது தெரியாது. கெட்டதைத் தேடுகிறோமென்று நினைத்துக்கொண்டு நல்ல நம்பரைத் தேடியிருக்கிறோம். நிஜமான கோளாறோ ஒரு நாளும் கோட்டைத் தாண்டவில்லை. சர்க்கரை கன்ட்ரோல் தொடர்ந்து பத்து நாள் சராசரிக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. தோண்டினால், ரீஏஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) பெட்டி மாற்றியபின் கேலிபிரேஷன், அதாவது மெஷினின் அளவைச் சரிபார்த்து அமைப்பது, செய்யவே இல்லை. சீனியர் அக்கா ஷீட்டைப் பார்த்து, "இத்தன நாளா உள்ளதான இருக்குன்னு இருந்துட்டோமேடி" என்றார்.

மன்னார்குடி அண்ணே, உங்கள் புள்ளிகள் ஒரே பக்கமாக வரிசை கட்டி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறை:

சுருக்கமாகச் சொல்கிறேன். நம் காவிரி வண்டல் மண்ணில்தான் குத்துவிளக்குக்கு வார்ப்பு எடுக்கிறோம். எது எதனால் கழிகிறது என்று சுவரில் கோடு கிழித்து, அதை எக்செல்லில் பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கினேன் (பரேட்டோ சார்ட்). வார்ப்பில் விழும் ஊசித்துளைதான் முதலில் நின்றது. அப்பா பார்த்துவிட்டு, "அத அடைச்சிடலாம்டா, விளக்கோட அடித்தட்டு வீணாப் போனா மறுபடி உருக்கணும், கரிக் காசும் கூலியும் போச்சு" என்றார். எண்ணிக்கையை விட்டு, போன காசைப் பெருக்கி அடுக்கினால் அடித்தட்டு மேலே வந்துவிட்டது. எக்செல் சொல்லாததை அப்பா சொன்னார். மண்ணில் ஈரம் மிஞ்சும் மழை நாளில்தான் அடித்தட்டு அதிகம் போனது என்பதை எக்செல் சொன்னது, அப்பா ஒத்துக்கொண்டார், பாதி மனசாக.

மன்னார்குடி ரைஸ்மில்காரன்:

கும்பகோணம் தங்கச்சி சொன்னதும் ஷீட்டைத் திறந்தேன். புதுச் சராசரி 9 என்று போட்டுவிட்டு அதோடு விட்டிருந்தேன். கடைசி ஒன்பது லாட்டும் அதற்கு மேலே. ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டாததால் யார் கண்ணிலும் படவில்லை. அண்ணனிடம் காட்டினேன். இந்தத் தடவை அவர் பயப்படவில்லை. தேதியைப் பார்த்துவிட்டு, "அன்னைக்குத்தான உமி நீக்குற மெஷினுக்குப் புது ரப்பர் ரோல் போட்டாங்க. இடைவெளி சரியா வச்சாங்களான்னே தெரியலயே" என்றார்.

நாளைக் காலை அரவை தொடங்குமுன் கழற்றிப் பார்க்கிறோம். முதலாளிக்கு இன்னும் சொல்லவில்லை.