சின்னப் பிள்ளைகளிடம் வெளிநாட்டுப் பயணத்தை எப்போது சொல்வது?

காகிதக்கப்பல்:
நான்கு மாதம் கழித்துக் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்றரை. இரண்டு பேருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். இப்போதே சொல்லி ஆசையை வளர்க்கலாம் என்பது என் எண்ணம். கடைசி வாரம் சொன்னால் போதும் என்கிறார் என் கணவர். நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

வான்குருவி:
இப்போதே சொல்லுங்கள். நாங்கள் மூன்று மாதம் முன்பே ஓர் உலக உருண்டை வாங்கினோம். இருட்டறையில் டார்ச்சைச் சூரியனாக வைத்து உருண்டையை மெல்லச் சுற்றிக் காட்டினேன். முழுச் சுற்றுக்கு 24 மணி நேரம், ஒரு மணிக்கு 15 பாகை. நமக்கு இரவு என்றால் அங்கே வெயில் என்பதை மகளே கண்டுபிடித்தாள். போய் இறங்கிய முதல் நாள், நடுராத்திரியில் விழித்துக்கொண்டாள். ஆனால் அழவில்லை. "நம்ம வீட்டில் இப்போ பகல், அதான் தூக்கம் வரலை" என்றாள். கடைசி வாரத்தில் சொல்லியிருந்தால் இதற்கெல்லாம் ஏது நேரம்?

நிழல்மரம்:
உங்கள் மகளுக்கு அப்போது என்ன வயது?

வான்குருவி:
ஏழு.

நிழல்மரம்:
அங்கேதான் நான் வேறுபடுகிறேன். மூன்றரை வயது என்பது நேற்றையும் நாளையையும் மாற்றிச் சொல்கிற வயது. நான்கு மாதம் என்றால் அவனுக்கு என்ன புரியும்? நாங்கள் சீக்கிரம் சொல்லிவிட்டோம். மகன் தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். "இன்னைக்கா?" இல்லை என்றதும் அழுகை. அப்புறம் விசா தாமதமாகி, பயணம் மூன்று வாரம் தள்ளிப்போனது. அப்பா பொய் சொல்லிவிட்டார் என்றே நம்பினான். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

வான்குருவி:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. சரி, தேதி உறுதியான பிறகு சொல்லலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆறு வயதுக்காரியிடம் எப்படி மறைப்பது? பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கும்போதே எதற்கு என்று கேட்பாளே. அவளுக்குச் சொல்லிவிட்டு, தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழிக்கும் வேலையையும் கொடுங்கள். நாள் குறைவது கண்ணுக்குத் தெரியும்.

நிழல்மரம்:
மறைக்கச் சொல்லவில்லை. போகிற நாட்டின் படங்களையே காட்டிக்கொண்டிருக்கிறோம், பிள்ளை முதலில் பார்க்கப்போவதோ விமான நிலையம். பாதுகாப்புச் சோதனையில் கையிலிருக்கும் பொம்மையையும் வாங்கி எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்புவார்கள். திரும்பி வரும் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஓர் அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, பொம்மையை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து விளையாடுங்கள். இரண்டு வயது தாண்டியவனுக்குத் தனி இருக்கை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பெல்ட் போட்டே ஆக வேண்டும், மடிக்கு வர முடியாது. அதையும் நாற்காலியில் பழக்குங்கள்.

தேன்சிட்டு:
காதை விட்டுவிட்டீர்களே. விமானம் இறங்கும்போது உள்ளே காற்றழுத்தம் கூடும். பிள்ளைகளுக்குக் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குறுகல், சளி பிடித்திருந்தால் இன்னும் அடைக்கும். விழுங்கும்போது அது திறக்கும். அதனால் தரையிறங்கும் நேரத்துக்கு மட்டும் எழுப்பி உட்காரவைத்து, மெல்ல மெல்லத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். என் மகளிடம் முன்பே சொல்லவில்லை. காது கேட்காமல் போய்விட்டது என்று அலறிவிட்டாள். வலியைவிடப் பயம்தான் அதிகம்.

வான்குருவி:
வலிக்கும் என்று சொன்னால் ஏறவே மாட்டேன் என்பார்களே?

தேன்சிட்டு:
வலி என்ற சொல்லே வேண்டாம். "காது அடைக்கும், தண்ணீரை விழுங்கினால் டப்பென்று திறக்கும்" என்று சொல்லுங்கள். எப்போது டப்பென்று கேட்கும் என்று காத்திருப்பார்கள்.

காகிதக்கப்பல்:
மூவருக்கும் நன்றி. அட்டைப்பெட்டி விளையாட்டை இன்றைக்கே தொடங்குகிறேன், அதற்குப் பயணத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. விசா வந்ததும் மகளிடம் சொல்வேன். ஆனால் அவள் அன்றைக்கே தம்பியிடம் சொல்லிவிடுவாள்.

நிழல்மரம்:
சொல்லட்டும். அவன் "இன்னைக்கா?" என்று கேட்கும்போது நாட்காட்டியைக் காட்டிப் பதில் சொல்வதும் அவள் வேலையாக இருக்கட்டும்.