விலகி நின்ற 20 பேர்: ஜெனீவா ஓட்டு யாருக்காக?

கோட்டையூரான்:
2022 அக்டோபர் 6 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், மனித உரிமை மீறல்களுக்குப் பொறுப்புக் கூறச் சொல்லும் இலங்கை மீதான தீர்மானத்துக்கு ஆதரவு 20, எதிர்ப்பு 7, எந்தப் பக்கமும் சேராமல் விலகியவை 20 நாடுகள். இந்தியாவும் விலகியது. அதே நாளில், சீனாவில் ஒடுக்கப்படும் உய்குர் முஸ்லிம் மக்களைப் பற்றி விவாதமாவது நடத்துவோம் என்ற கோரிக்கை 17க்கு 19 என்று தோற்றது. முஸ்லிம் நாடுகளான பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார் மூன்றும் சீனா பக்கம். கடன் கொடுத்தவன், சரக்கு வாங்குகிறவன் முகம் பார்த்துத்தான் கை தூக்குவார்கள். கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

பள்ளத்தூர் மீனா:
அண்ணே, கடன் கணக்கு மட்டும்தான் என்றால் இலங்கை விஷயத்தில் ஓட்டு மாறியது எப்படி? 2009 மே மாதம், போர் முடிந்த சில நாட்களிலேயே இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29-12 என்று ஜெயித்தது. இந்தியாவும் ஆதரித்தது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 2012 மார்ச்சில் இலங்கைக்கு எதிரான தீர்மானம் 24-15 என்று நிறைவேறியபோது அதையும் இந்தியா ஆதரித்தது. டெல்லி தானாக மனம் மாறவில்லை, தமிழ்நாட்டுக் கட்சிகள் நெருக்கின.

கோட்டையூரான்:
அது அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம். பேரவை இஸ்ரேலிடம் பாரபட்சம் காட்டுகிறது என்று சொல்லி 2018-இல் பேரவையை விட்டே போனவர்கள் அவர்கள். இந்தியாவும் 2014-இல் இலங்கைத் தீர்மான ஓட்டில் விலகி நின்றுகொண்டது. அப்புறம் என்ன மாற்றம்?

பள்ளத்தூர் மீனா:
பேரவையில் 47 இடம். ஆப்பிரிக்காவுக்கு 13, ஆசியா பசிபிக்குக்கு 13, மேற்கு நாடுகளுக்கு வெறும் 7. வீட்டோ கிடையாது. அமெரிக்கா தனியாக எதையும் ஜெயிக்க முடியாது. விலகுகிறவர் ஓட்டு கணக்கில் சேராது என்பதால் 2021-இல் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு 22 ஓட்டே போதுமானதாக இருந்தது, எதிர்ப்பு 11தான். அந்தத் தீர்மானத்தால்தான் மனித உரிமை ஆணையர் அலுவலகம் இலங்கைச் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. காணாமல் போன பிள்ளையின் படத்தோடு வடக்கில் தெருவில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு வயதாகிறது. அவர்கள் சொல்வது இப்போதே பதிவாக வேண்டும்.

தேவகோட்டை ராமு:
பர்மாவில், இன்றைய மியான்மரில், நிலத்தை இழந்து திரும்பிய குடும்பம் எங்களுடையது, அதனால் கேட்கிறேன். அங்கிருந்து விரட்டப்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்களுக்காக 2017 டிசம்பரில் பேரவையில் வந்த தீர்மானத்துக்கு 33 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு மூன்றே மூன்று. அந்த மக்கள் இன்னும் வங்கதேச முகாமில்தானே கிடக்கிறார்கள்?

பள்ளத்தூர் மீனா:
உண்மைதான் ராமு அண்ணே. ஆனால் 2018-இல் பேரவை சாட்சியம் திரட்ட ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. மறுவருடமே மியான்மரை ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது காம்பியா. எந்த வல்லரசும் இல்லை, ஆப்பிரிக்காவின் மிகச் சிறிய நாடுகளில் ஒன்று.

கோட்டையூரான்:
காம்பியாவுக்கு இருக்கிற துணிச்சல் டெல்லிக்கு ஏன் இல்லை என்று நம் எம்.பி.க்களைக் கேட்போம் தங்கச்சி. அதில் நமக்குள் சண்டை இல்லை. பேரவையை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை.